பழைய காரின் முகம் மாறலாம். முள் பொய் சொல்லலாமா?

மும்பை வீதிகளில் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சி, 2023-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி விடைபெற்றது. ஆனாலும் பத்மினியைச் சொந்தக் காராகப் போற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் டாஷ்போர்டு மீட்டர்களைப் புதுமாதிரியாக மாற்றுகிறார்கள்.

வெள்ளைத் தகடு, சிவப்பு முள், நீல விளக்கு என்று எப்படியும் மாற்றலாம். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

வேகம் காட்டும் முள்

கியர் பெட்டியில் இருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. இந்த இழுபறியில்தான் முள் நகர்கிறது. முள்ளைக் கழற்றி இடம் தவறிச் செருகினால் கணக்கு தப்பும். பெரிய டயர் போட்டாலும் தப்பும். மீட்டர் 60 காட்டும். கார் அதற்கு மேல் ஓடும்.

சூடு காட்டும் முள்

என்ஜினில் உள்ள சென்சாரும் மீட்டரும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால், தண்ணீர் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கக்கூடும். என்ஜின் பாழாகும்.

ஆம்ப் மீட்டர்

பல பழைய கார்களில் விளக்கு, ஹாரனுக்கான மின்சாரம் இதன் வழியே செல்கிறது. இணைப்பு தளர்ந்தால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதனால் சிலர் வோல்ட் மீட்டர் வைக்கிறார்கள். அப்போது ஆம்ப் மீட்டரின் இரண்டு வயர்களையும் இறுக்கமாக இணைத்துவிட வேண்டும். 12 வோல்ட் காரில், என்ஜின் ஓடும்போது முள் 14-ஐ ஒட்டி நின்றால் பாட்டரி சார்ஜ் ஆகிறது என்று பொருள்.

எந்த வேலைக்கும் முன்பு பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தகடு பார்ப்பவருக்கு, முள் ஓட்டுபவருக்கு!