உஷார்! அந்தப் பால்வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்கிறதா?

கான்சாபுரம், கூமாப்பட்டி பக்கம் தோப்புக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி வாங்கக் கிளம்புகிறவர்களே, ஒரு நிமிஷம். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் குட்டியின் முதுகுப்பக்கம் போய் நில்லுங்கள். முன்னால் நின்று கொஞ்சிவிட்டுத் தூக்கி வந்தவன் நான். பட்ட பிறகுதான் சொல்கிறேன்.

இரண்டு மாசக் குட்டியாக வந்தது. உடம்பு முழுக்கப் பால்வெள்ளை, ரோஸ் மூக்கு. பார்த்தவர்களெல்லாம் "சுத்த ஜாதி" என்றார்கள். "தோ... தோ..." என்று தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திரும்பாது. சோறு வைத்தால் வாசனை பிடித்து ஓடி வரும். திமிர் என்று நினைத்தோம். அந்தக் கோபத்தில் ஒரு நாள் அடித்தும்விட்டேன். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

நாலாவது மாசத்தில் ஒரு மத்தியானம், தேங்காய் ஏற்றிய டிராக்டர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நாய் டிரெய்லர் சக்கரத்துக்கு நேர் பின்னால், நிழலில் தூங்குகிறது. ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடிக்கிறார், நாங்கள் கத்துகிறோம். காது மடல்கூட அசையவில்லை. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்து பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. "இதுக்குக் காதே கேக்கல தம்பி" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த நம் மண்ணின் நாய் இது. அந்தப் பெருமைக்கு உள்ளேயே ஆபத்தும் உட்கார்ந்திருக்கிறது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் அதே வகை அணுக்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாவிட்டால், ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் கொண்ட பகுதிக்கு உயிர்ப்பு கிடைக்காது. பிறந்த சில வாரங்களில் அது செத்துப்போகும். மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி கொண்ட டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் சோதித்தபோது, ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு ஒரு காதிலாவது கேட்கவில்லை. வெள்ளை ராஜபாளையம் எல்லாமே செவிடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு புள்ளி விழுந்தாலும் கழித்துவிட்டு, வெளுத்ததோடு வெளுத்ததையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விலை ஏறும். கேட்காத காதும் பெருகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? குட்டிக்குக் காது திறப்பதே இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே ஐந்தாறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஈத்துக் குட்டிகளோடு இருக்கும்போது பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்; மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் சேர்ந்து ஓடும். தனியாகப் பிரித்து, அசந்து தூங்கவிடுங்கள். பின்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், விசிலடியுங்கள். தரையில் காலைத் தட்டக் கூடாது, பக்கத்தில் கை வீசக் கூடாது. அதிர்வும் காற்றும் பட்டால் செவிட்டு நாயும் எழுந்துவிடும். காது மடல் திரும்புகிறதா, கண் திறக்கிறதா? அதுதான் விஷயம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளை வைத்து, ஒலி கேட்டு மூளைத்தண்டு எழுப்பும் மின்னலைகளை அளந்தால்தான் அது தெரியும்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் செவிட்டு நாய் இருக்கிறதா? தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள். கத்திக் கூப்பிட்டு நிறுத்த முடியாத நாய்க்கு ரோடு எமன். கட்டிப்போட்டால் மட்டும் போதாது. நம் ஊருக்கு மேற்கே மலை; 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். மலையடிவாரத்தில் கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. சருகுச் சத்தம் கேட்காத நாயை ராத்திரி தோப்பில் தனியாகக் கட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். இருட்டியதும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் பயந்து எழுதுகிறேன். தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். குணம் கெட்டதால் அல்ல, பயத்தால். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: எதிரே வந்து அதன் கண்ணில் பட்ட பிறகுதான் தொட வேண்டும். தூங்கினால் படுத்திருக்கும் சாக்கின் ஓரத்தை மெல்ல அசைத்து எழுப்ப வேண்டும். தடுப்பூசி போட்ட நாயே கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுத்துப்பட்டையில் "காது கேட்காது" என்று எழுதி உங்கள் போன் நம்பரையும் போட்டுவிடுங்கள். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடவே விடாதீர்கள், யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும். அதே தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்க வேண்டாம் என்று குட்டி கொடுத்தவரிடமும் போய்ச் சொல்லுங்கள். நான் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன சுகம் என்று கேட்டால் நிறைய இருக்கிறது. சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீபாவளி கொண்டாடுகிற ஊரில், தெரு நாயெல்லாம் நடுங்கிக் கட்டிலுக்கடியில் ஒளியும்போது இது வாசலில் நீட்டிப் படுத்து உறங்கும். கையைக் கீழே அமர்த்தினால் உட்காரும், மார்பில் தட்டினால் பாய்ந்து வரும். பத்து நாளில் படித்துக்கொண்டது. மற்ற நாய்கள் குரலைக் கவனிக்கும். இது முகத்தையே பார்க்கும். நான் வருத்தமாக இருந்தால் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது இதுதான். தூங்கும்போது என் கால்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். நான் எழுந்தால் தெரிய வேண்டுமே.

பொழுது சாய்ந்ததும் கிணற்றடியில் நின்று டார்ச்சை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவேன். தென்னைகளுக்கு நடுவே, அதைக் கட்டியிருக்கும் நீளக் கயிற்றின் மறுமுனையிலிருந்து அந்த வெள்ளை ஓடி வரும். வந்தவுடன் கதவைத் தாழ் போடுவேன்.