கரியன் சோலைக்குக் கேமராவோடு

சிங்காநல்லூர் நேயர்களே, டாப்ஸ்லிப்பில் நாம் படமெடுத்து வரும் தேக்கு மரங்களில் பெரும்பாலானவை வனத்துறை நட்டு வளர்த்தவை. ஆதிக்காடு பக்கத்திலேயே இருக்கிறது: கரியன் சோலை. உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகப் போக வேண்டும். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

உச்சிவேளையிலும் சோலைக்குள் அந்தி வெளிச்சம்தான். ஃபிளாஷ் வேண்டாம். ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும்.

இருவாச்சி கூடு வைப்பது முதிய மரங்களின் பெரிய பொந்துகளில். அதனால் இங்கே அண்ணாந்து பார்த்தே நடக்கலாம். பறவைக்கு முன்னே சிறகுச் சத்தம் வந்துவிடும்; கேட்டதும் கேமராவைத் தூக்குங்கள்.

மழைக்காலத்தில் அட்டை உண்டு. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.