பொது உடற்பயிற்சிக் கூடமும் பயிற்றுநரின் பொறுப்பும்

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞரும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் மூதாட்டியும் ஒருங்கே வந்து சேரும் பொது உடற்பயிற்சிக் கூடத்தில், பயிற்றுநரின் பணி விசாரிப்பதிலேயே தொடங்குகிறது. நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுவலி ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஐயத்திற்கிடமானவரை மருத்துவரின் ஒப்புதல் பெற்றுவரச் சொல்வது கட்டாயம்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணும் சோதனை, முதியவரின் கால்வலிமையைச் செலவின்றிக் காட்டிவிடும். படியேறுவதும் பேருந்தில் ஏறுவதும் அவ்வலிமையையே சார்ந்திருப்பதால், முதியவரைப் பொறுத்தவரை உடல் எடையைவிட இவ்வெண்ணே மதிப்புமிக்கது எனலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயதுவந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மிதமான உழைப்பு என்பது, பேச முடிந்தாலும் பாட இயலாத அளவுக்கு மூச்சு வாங்கும் நிலையாகும். உடல் பழகப்பழகச் சுமையைச் சிறிதுசிறிதாகக் கூட்டுவதே முறை. முதல் வாரத்திலேயே அளவுமீறிச் செய்வித்து, தாளாத உடல்வலியால் ஒருவரை வரவிடாமல் செய்வது பயிற்றுநரின் பெருந்தவறு.

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு திடீரென இறங்கக்கூடும் என்பதால், சேர்பவர்கள் தாம் எடுத்துக்கொள்ளும் மருந்துகளை முதல் நாளே தெரிவித்துவிட வேண்டும்.