மாட்டுக்கும் ஓர் அடையாள அட்டை

என் தாத்தா பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினோரு மாடுகள் வளர்த்தார். நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது அவற்றுள் ஒன்று காணாமற்போனது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரின் கொட்டகையில் அதைக் கண்டோம். அவரோ அது தம்முடைய மாடு என்று சாதித்தார். தாத்தா வாக்குவாதம் செய்யவில்லை. வேலிக்கு வெளியே நின்றபடி, "லெட்சுமி, வாம்மா" என்றார். மாடு தலையைத் திருப்பி நேரே அவரிடம் வந்தது. வழக்கு அத்தோடு முடிந்தது.

இன்று பொறியியல் மாணவனாக வானலை அடையாளத் தொழில்நுட்பத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது. அன்று தாத்தாவால் வர முடியாமற்போயிருந்தால், அது எங்கள் மாடு என்பதை எதைக் கொண்டு காட்டியிருப்போம்? 'இது யாருடையது, எங்கிருந்து வந்தது?' என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால், அதற்கு உடனே விடை கிடைக்காததால் உயிர்கள் போனதும் உண்டு.

நம் நாடு கற்ற பாடம்

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றிக்கொண்டிருந்தது. நோயுற்ற பன்றிகள் விற்பனையாகி லாரிகளில் நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் உடன் போனது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரிலும், மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேரைத் தொற்றியது, ஒருவர் இறந்தார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த அந்தப் புதிய கிருமிக்குச் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரே நிலைத்தது. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. காதில் வில்லை இருந்திருந்தால் நோயே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால், எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்கு விலங்குகள் போயின என்ற தடம் கையில் இருந்தால், நோயை முந்திக்கொண்டு போக வழியுண்டு.

வில்லை எப்படிப் பேசுகிறது?

ஆர்.எஃப்.ஐ.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறைக்கு மூன்று உறுப்புகள் வேண்டும்: வில்லை, வாசிப்பான், தரவுத்தளம். வில்லைக்குள் ஒரு சில்லும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கும், மின்கலம் இராது. வாசிப்பானை அருகில் கொண்டுபோனால் அதன் காந்தப்புலம் வில்லையின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். ஐந்தாம் படிவ இயற்பியலில் நாம் படித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு இயங்கித் தன் எண்ணைத் திருப்பி அனுப்பும்.

கால்நடைகளுக்கு 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. இந்தக் குறைந்த அலைவரிசை உடலிலுள்ள நீரைக் கடந்து செல்லும்; அதனால் சேறு பூசியிருந்தாலும் எண்ணைப் படிக்கலாம். அது 15 இலக்க எண். முதல் 3 இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மற்ற 12 இலக்கங்கள் அந்த ஒரு மாட்டுக்கே உரியவை. நம் அடையாள அட்டை எண்ணைப் போல, வேறெந்த மாட்டுக்கும் அது வராது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லைக்குள் இருப்பது எண் மட்டுமே. மாட்டின் வரலாறு தரவுத்தளத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியா செய்தது

ஆஸ்திரேலியா 1999-இல் தன் தேசியக் கால்நடை அடையாளத் திட்டத்தைத் தொடங்கி, 2005-இல் மாடுகளுக்கு நாடு முழுவதும் மின்னணு வில்லையைக் கட்டாயமாக்கியது. பிறந்த பண்ணையில் இடப்படும் வில்லை வெள்ளை நிறம். அது விழுந்துவிட்டு வேறு பண்ணையில் புதிதாக இட நேர்ந்தால் ஆரஞ்சு நிறம். நிறத்தைப் பார்த்தே மாட்டின் தடம் பிறப்பிலிருந்து அறுபடாமல் வருகிறதா என்று அறியலாம். ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண் உண்டு. மாடு கைமாறினால் அது தரவுத்தளத்தில் பதிவாக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் பிறக்கும் செம்மறியாடுகளும் பண்ணை வெள்ளாடுகளும்கூட மின்னணு வில்லையின்றிப் பண்ணையை விட்டு வெளியேறக்கூடாது.

காய்கறிப் பெட்டிக்கும்

2006 செப்டம்பரில் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பசலைக்கீரையைத் தின்ற ஏறத்தாழ 200 பேர் ஈ.கோலை கிருமியால் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எந்த வயலின் கீரை என்று தெரியாததால், நாடு முழுவதும் புதிய பசலைக்கீரை கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. குற்றமற்ற விவசாயிகளின் விளைச்சலும் குப்பைக்குப் போனது. நோயாளிகள் வீட்டில் மீந்திருந்த பைகளில் அச்சிட்ட குறியீடுதான் பிறகு வயலுக்கு வழி காட்டியது.

பெட்டிகளில் ஒட்டும் வில்லைகள் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. பட்டைக்குறியை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இவற்றையோ சில மீட்டர் தூரத்திலிருந்தே, நூற்றுக்கணக்கில் நொடிகளில் படிக்கலாம். மின்கலமும் வெப்ப உணரியும் சேர்த்த வில்லை, வழியில் லாரியின் குளிர்ச்சி குறைந்ததையும் குறித்துவைக்கும். ஆனால், இந்த அலைகளை நீர் உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பிவிடும். தர்பூசணிக்கும் தகர டின்னுக்கும் நடுவே ஒட்டிய வில்லை ஊமையாகிவிடக்கூடும். எனவே, எங்கே ஒட்டுவது என்பதே ஒரு தனிக் கலை.

வில்லையால் முடியாதது

பொய்யான விவரத்தைப் பதிந்தால் வில்லை அந்தப் பொய்யையே வேகமாகச் சொல்லும். செலவும் ஒரு கேள்விதான். பெட்டி வில்லை மலிவுதான். ஆனால் வாசிப்பானுக்கும் கணினிக்கும் ஆகும் செலவு, பதினோரு மாடு வைத்திருப்பவருக்குப் பெருந்தொகை. தடத்தால் ஏற்றுமதியாளருக்கும் பேரங்காடிக்கும் நன்மை. செலவை மட்டும் சிறு விவசாயியின் தலையில் கட்டினால் இத்திட்டம் நிலைக்காது. அரசும் கூட்டுறவுகளும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கடந்த விடுமுறையில் இவற்றையெல்லாம் தாத்தாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்யா, நம்பரச் சொல்லிக் கூப்பிட்டா மாடு வருமா?" என்றார்.

"வராது தாத்தா. ஆனா, நீங்க இல்லாத எடத்துலயும் அது உங்க மாடுன்னு அந்த நம்பர் சொல்லும்" என்றேன்.

சற்று யோசித்தார். "அப்ப ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது. நாளை இத்துறையில் பணியாற்றப் போகும் நண்பர்களே, வாசிப்பானை வடிவமைக்கும் முன் ஒரு முறையேனும் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போய் வாருங்கள். அங்கே அதைப் பிடிக்கப்போகிறவரின் கை ஈரமாக இருக்கும். மறு கையில் பால் வாளி இருக்கும்.