அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்கிய நாள்

1913 ஜூலை மூன்றாம் வாரத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் வந்து இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் காலமாகியிருந்தார். பரோடா சமஸ்தானம் தருவதாகச் சொன்ன மாதம் 11.5 பவுண்ட் உதவித்தொகையை நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். மூன்றாண்டு கிடைக்கும் அந்தப் பணத்துக்கு ஈடாக, படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஜூன் 4ஆம் தேதி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

அண்ணல் அம்பேத்கர் முதலில் தங்கியது ஹார்ட்லி ஹால் என்ற பல்கலைக்கழக விடுதியில். அங்கே சாப்பாடு ஒத்துவரவில்லை. ஒரு வாரத்தில் இந்திய மாணவர்கள் சிலர் இருந்த வேறு விடுதிக்கு மாறினார். பிறகு நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். அந்த நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

வெளியூர் போய்ப் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் நடப்பதுதானே இது என்று தோன்றலாம். அந்தச் சாதாரணம் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது, அதற்கு முன்னும் பின்னும் அவர் வந்து இறங்கிய இரண்டு ஊர்களைப் பார்த்தால்தான் நமக்குப் புரியும். இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

முதலாவது, 1901ஆம் ஆண்டு. கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க, வீட்டுப் பிள்ளைகளோடு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். புதுத் துணி உடுத்திய பிள்ளைகள். கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை.

இரண்டாவது, 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, எழுதிக் கொடுத்தபடி வேலை செய்யப் பரோடாவில் இறங்கினார். இப்போது அவர் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டம் வாங்கியவர். ஆனாலும் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றது ஒரு கூட்டம். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நகரத்தில் வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, இரவு ரயிலில் மும்பைக்குத் திரும்பினார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நியூயார்க். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே மனதிலிருந்து துடைத்துவிட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். விடுதியில் படுக்கவும், உணவுக்கூடத்தில் உட்காரவும், நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் அவர் தம் சாதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கா சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அதே 1913இல்தான் அந்நாட்டு அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து வைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. நிறவெறியை அவர் அறியாதவரும் அல்லர். 1946இல் கறுப்பின அறிஞர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

கிடைத்த சுதந்திரத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் முக்கியம். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே தந்தையின் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் படிக்க வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜான் டூயி, செலிக்மன் போன்ற பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார். 1916 மே 9 அன்று ஒரு கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று ஆய்வுக் கட்டுரை வாசித்தார். மசூரில் தண்ணீர் கிடைக்காத சிறுவன், தண்ணீர் மறுத்த அமைப்பையே ஆய்வுப் பொருளாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டான். அதற்கு அந்தத் தூரம் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்டமும் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் இதன் விதிகளைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்றார்கள். அவற்றை இங்கேயே படிக்கலாமே என்பது சொல்லப்பட்ட காரணம்.

அப்படியானால், சாதியைப் பற்றிக் கொலம்பியாவில் கட்டுரை எழுதிய அம்பேத்கர் இந்த விதியின் கீழ் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொறியியல் படி, மேலாண்மை படி, உன்னை ஒடுக்கியது எது என்று மட்டும் அங்கே போய் ஆராயாதே என்பதுதானே இதன் பொருள்? ஒரு மன்னர் 1913இல் போடாத நிபந்தனையை மக்களாட்சி போடக்கூடாது. இந்த விதி நீக்கப்பட வேண்டும்.

அதுவரை, இருக்கிற வாய்ப்பை நம் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்குள் என்பவை ஒன்றிய அரசுத் திட்டத்தின் முக்கியத் தகுதிகள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரி இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் விதிகள் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பை முழுவதும் படியுங்கள்.

மாலை வகுப்புகளில் பிள்ளைகள் அடிக்கடி நம்மிடம் கேட்பது, "அங்க போய் இறங்குனா யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்க?" என்பதுதான். நியாயமான பயம். முன்னே போன பிள்ளைகள் அடுத்து வருகிறவர்களுக்காக விமான நிலையத்தில் போய் நிற்க வேண்டும். அதை ஒரு வழக்கமாக்கிவிட்டால், நம் தெருவிலிருந்து போகும் எந்தப் பிள்ளையும் மசூரில் நின்றதைப் போல யாருமின்றி நிற்காது.