ஏரிகாத்த ராமரைப் பார்த்த கலெக்டர்

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1798 அடைமழையில் ஏரிக்கரை உடையப் போகுது. ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையைக் காவல் காக்குறதைப் பார்த்த துரை, தாயார் சன்னதியைக் கட்டித் தந்தாராம். கதை அவரை 'கர்னல்'னு சொல்லும். ஆனா லியோனல் பிளேஸ் ராணுவக்காரர் இல்லை. 1794 முதல் 1798 வரை கம்பெனி ஜாகீரின் கலெக்டர்.

ஜாகீர்ங்கிறது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சீமை. ஆற்காட்டு நவாப் 1763-ல் கம்பெனிக்குக் கொடுத்தது. 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பில் ஊர்கள் பாழாயின. ஏரிப்பாசனத்தை நம்பின சீமை இது. கரை உடைஞ்சா நெல் இல்லை. நெல் இல்லேன்னா வரியும் இல்லை.

அதனால்தான் பிளேஸ் ஏரி மராமத்தில் குறியாக இருந்தார். காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்தையும் கையில் எடுத்தார். திருவிழா ஒழுங்காக நடந்தால் குடிகள் ஊரில் தங்குவார்கள், வயல் விளையும் என்பது அவர் கணக்கு. அதே பிளேஸ் வரி விஷயத்தில் ரொம்பக் கறார். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் எதிர்ப்பாக ஊரை விட்டே வெளியேறினார்கள்.

ஊர் நினைவில் நிற்பது ஒரு ராத்திரி. ஒரு வெள்ளைக்காரக் கலெக்டருக்கு அந்தக் கரைமேல் ஏன் அவ்வளவு கவலை என்பதற்குப் பதில், அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் இருக்கு.