அம்மா எழுதிவைத்த ஆட்டங்கள்

விசுவநாதன் ஆனந்த் 1969ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது, அண்ணனும் அக்காவும் சதுரங்கம் ஆடுவதை அருகில் இருந்து பார்த்தார். தமக்கும் கற்றுத்தருமாறு தாயாரிடம் கேட்டார். தாயார் சுசீலா எந்தக் கழகத்திலும் சேர்ந்து பயின்றவர் அல்லர். இளமையில் தம் வீட்டாரோடு ஆடிப் பழகியவர். அவரே மகனுக்கு முதல் ஆசிரியர் ஆனார்.

சில ஆண்டுகளில், ரயில்வே அதிகாரியான தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்குக் குடிபெயர்ந்தது. ஊரும் புதிது, பள்ளியும் புதிது. ஆனால் சதுரங்கம் அந்நாட்டிற்குப் புதிதன்று. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான யூஜினியோ டோரே அந்நாட்டவரே. கார்போவும் கோர்ச்னோயும் மோதிய 1978ஆம் ஆண்டின் உலக வாகையர் போட்டி, அந்நாட்டின் பாகியோ நகரில் நடைபெற்றது. தொலைக்காட்சியில் சதுரங்கத்திற்கென்றே ஒரு நிகழ்ச்சியும் ஒளிபரப்பாயிற்று.

அந்நிகழ்ச்சி வந்த நேரம் நண்பகல். சிறுவன் ஆனந்த் அப்போது வகுப்பறையில் இருப்பான்! தவறவிட்ட நிகழ்ச்சியை நினைத்த வேளையில் கைப்பேசியில் பார்க்கும் காலம் அன்று. எனவே தாயார் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அதில் காட்டப்பட்ட ஆட்டங்களையும் புதிர்களையும் தாளில் எழுதிவைத்தார்.

இங்கே சதுரங்கத்தின் தனித்தன்மை ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் பாய்ந்து பந்தைப் பிடித்ததை எத்தனை பக்கம் எழுதினாலும், அது அந்தப் பாய்ச்சலைப் பற்றிய செய்தியாகவே இருக்கும். சதுரங்கம் அத்தகையதன்று. பலகையின் 64 கட்டங்களுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தக் காய் எந்தக் கட்டத்திற்குச் சென்றது என்பதை வரிசையாகக் குறித்துவைத்தால், அக்குறிப்பைக் கொண்டு முழு ஆட்டத்தையும் மீண்டும் பலகையில் நிகழ்த்தலாம். ஒரு நகர்வும் குறையாது. நண்பகலில் தவறிய ஆட்டத்தை மாலையில் மகன் பார்க்க முடிந்தது இதனால்தான்.

மாலையில் தாயும் மகனும் பலகையின் முன் அமர்ந்து புதிர்களை விடுவித்தனர். விடைகளை அந்நிகழ்ச்சிக்கு அனுப்பினர். வெற்றி பெறுவோருக்கு ஒரு நூல் பரிசு. ஆனந்த் பல மாதங்கள் தொடர்ந்து பரிசுகளை வென்றான். இறுதியில் நிகழ்ச்சியினர், வேண்டிய நூல்களையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம், இனி விடை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று கூறிவிட்டார்களாம்! இதனை ஆனந்தே பிற்காலத்தில் மகிழ்வோடு நினைவுகூர்ந்துள்ளார். உண்மையில் அப்பரிசுகளில் பாதி, பகலில் எழுதிய கைக்கு உரியது.

ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; பின்னர் ஐந்து முறை உலகப் பட்டத்தை வென்றார். 2013 நவம்பரில் அப்பட்டத்தைக் காக்கச் சென்னையிலேயே நார்வே வீரர் மாக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டார். ஆட்டக்காரர் இருவரும் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்தனர்; இப்பால் பார்வையாளர். அவர்களுள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் குகேஷ்.

அப்போட்டியில் ஆனந்த் தோற்றார். பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூட அவரால் வெல்ல முடியவில்லை. சொந்த ஊர் மக்களுக்கு அது பெருந்துயரம். ஆனால் குகேஷ் பின்னாளில் எடுத்துச் சொன்னது அத்தோல்வியை அன்று; கண்ணாடிக்கு உள்ளே ஒருநாள் தானும் அமர்ந்தால் எப்படியிருக்கும் என்று அன்று தோன்றிய எண்ணத்தையே.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், கண்ணாடி அறைக்குள், சீன வீரர் டிங் லிரெனுக்கு எதிரே அவர் அமர்ந்திருந்தார். அது 14ஆவது ஆட்டம். அப்போது அவருக்கு வயது 18. ஆட்டம் முடிந்ததும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பலகையில் காய்களை மீண்டும் அவற்றின் கட்டங்களில் ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தார்.